முகமூடியைத் திருப்பிப் பாருங்கள்

பழம்பொருள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் வேலை. என் மேசைக்கு ஒரு சுடுமண் முகமூடி வந்தால் முதலில் அதைக் குப்புறப் படுக்க வைப்பேன். மணல் நிரப்பிய துணிப்பை ஒன்றை விரித்து, முகம் கீழே, முதுகு மேலே. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம். 2,500 ஆண்டு பழைய கிரேக்க முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்தால், ஒருவர் பள்ளமான மண் ஓட்டைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்விச் சேகரிப்பிலிருந்து வந்த துண்டைச் சொல்கிறேன். ஸ்பார்ட்டா வகை. ஒரு கிழவியின் முகத்தில் வலது பாதி மட்டும், உள்ளங்கையில் அடங்கிவிடும். நெற்றியிலிருந்து தாடை வரை ஈர மண்ணில் குச்சியால் இழுத்த ஆழமான சுருக்கங்கள். கோணலாகத் திறந்த வாய், உள்ளே இரண்டு பல். திருப்பினால் வரிசையாகக் கட்டைவிரல் அழுத்திய குழிகள். ஒரு குழியில் ரேகைகூடத் தெரிந்தது. மேல் விளிம்பில் ஒரு சிறு துளை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தத் துளையின் ஓரத்தில் மண் பின்பக்கமாகப் பிதுங்கி, சின்ன உதடு போல நின்றது. சுட்ட பிறகு துளைத்திருந்தால் அப்படி வராது, ஓரம் பொரிந்திருக்கும். அதாவது சூளைக்குப் போகும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போதே, இதைக் கயிற்றில் தொங்கவிடப் போகிறோம் என்று செய்தவருக்குத் தெரியும். கண்ணில் ஓட்டை கிடையாது. உள்விளிம்பை வழித்து மழுப்பவே இல்லை. முகத்தில் வைத்தால் கன்னத்தைக் கிழித்துவிடும்.

ஆக, யாரும் அணிவதற்காகச் செய்யாத முகமூடி. அப்புறம் எதற்காகச் செய்தார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் சுடுமண் முகமூடிகள் எப்போதும் நம்மைப் பார்த்தபடிதான் இருக்கும். கீழே ‘நாடக முகமூடி, கிரேக்கம்’ என்று ஒரு வரி. பார்க்கிறவர்கள், நடிகர்கள் இதைப் போட்டுக்கொண்டு மேடையேறினார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பேழைக்குப் போய்விடுவார்கள். உண்மையில் பண்டைய கிரேக்க நடிகர் அணிந்த முகமூடி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. துணியில் பசை ஏற்றிச் செய்தவை, மரத்தில் குடைந்தவை எல்லாம் மக்கிப் போய்விட்டன. மண்ணில் சுட்டது மட்டும் தப்பித்தது. அப்படித் தப்பித்தவற்றில் மிகப் பெரும்பாலானவை தெய்வத்துக்கோ இறந்தவருக்கோ கொடுத்த பொருள்கள். நேர்த்திக்கடன் என்றால் தமிழில் எல்லோருக்கும் உடனே விளங்கும். அந்த அர்த்தத்தில்தான் இவற்றைப் பார்க்க வேண்டும்.

கிரேக்க மொழியில் முகத்துக்கும் முகமூடிக்கும் ஒரே சொல்தான்: ப்ரோசோபோன். முகத்தை ‘மூடுகிற’ பொருள் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இல்லை. தமிழில் ‘முகமூடி’ என்று சொல்லும்போதே மறைப்பு என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. கிரேக்கர்களுக்கு அது இன்னொரு முகம், அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எளிது.

சரி, அந்தக் கிழவியின் ஊருக்கே போவோம். ஸ்பார்ட்டாவில் யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் ஆர்ட்டெமிஸ் ஓர்த்தியா என்ற தெய்வத்தின் கோயில் இருந்தது. ஏதென்சில் உள்ள பிரிட்டிஷ் தொல்லியல் பள்ளி 1906 முதல் 1910 வரை அங்கே அகழாய்வு செய்தது. ஆர். எம். டாக்கின்ஸ் தலைமை தாங்கினார். முழு அறிக்கை 1929இல்தான் வெளிவந்தது. பழைய கோயில் இருந்த தாழ்ந்த நிலத்தை ஒரு கட்டத்தில் மணல் கொட்டி உயர்த்தி, அதன் மேல் புதுக் கோயில் கட்டியிருந்தார்கள். அகழ்ந்தவர்களுக்கு அந்த மணல் பெரிய வரம். மணலுக்குக் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. இரண்டும் கலக்கவே இல்லை. ஈயத்தில் வார்த்த சின்னச் சின்ன உருவங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கிடைத்தன. தந்தத்தில் செதுக்கியவையும் உண்டு. கூடவே முகமூடிகள்: வகை சொல்லும் அளவுக்குத் தேறியவை நூற்றுக்கணக்கில், துண்டுகள் ஆயிரக்கணக்கில். பெரும்பாலானவை கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

முகங்களைப் பார்த்தால் ஒரு ஊரே கூடி நிற்பது போல இருக்கும். பல் விழுந்து முகம் முழுக்கச் சுருங்கிய கிழவிகள்தான் நிறைய. தாடியில்லாத அழகான இளைஞர்கள், தாடி வைத்த வீரர்கள், பாதி மனிதர் பாதி விலங்கான சாட்டிர்கள், நாக்கைத் துருத்திய பேய்ப்பெண்களான கோர்கன்கள் எல்லாம் உண்டு. இத்தனை வகை இருந்தும் பல முகமூடிகள் பெரியவர் ஒருவர் முகத்துக்குப் பொருந்தாத அளவு சிறியவை. கண், வாய் திறக்காதவையும் ஏராளம். அதனால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இப்படி நினைக்கிறார்கள்: கோயிலில் ஏதோ சடங்கு ஆட்டம் நடந்திருக்கிறது, ஆடியவர்கள் மரத்திலோ துணியிலோ செய்த முகங்களை அணிந்திருக்கிறார்கள், ஆட்டம் முடிந்த பிறகு அதன் நினைவாக மண்ணில் ஒரு பிரதி செய்து தெய்வத்தின் முன்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மரமுகம் என்பது வெறும் ஊகம் இல்லை. ஹெசிக்கியஸ் தொகுத்த பழைய கிரேக்கச் சொல்லகராதியில் ‘கிரித்தோய்’ என்றொரு சொல் இருக்கிறது. இத்தாலிப் பக்கத்துக் கிரேக்கர்களிடையே, மர முகங்கள் அணிந்து கொரிதாலியா தெய்வத்துக்கு விழா எடுக்கும் கோமாளிகள் என்று அதற்கு விளக்கம். கொரிதாலியா என்பது ஸ்பார்ட்டாவில் ஆர்ட்டெமிசுக்கு வழங்கிய இன்னொரு பெயர். ஓர்த்தியா கோயிலைப் பற்றி நேரடியாகச் சொல்லவில்லைதான். ஆனால் ஆர்ட்டெமிஸ், மர முகம், கேலி ஆட்டம் மூன்றும் ஒரே வரியில் வருகின்றன. அகராதிக்காரர் போகிற போக்கில் எழுதி வைத்த அந்த வரி இல்லையென்றால், இந்த மண் முகங்களைப் பற்றி நாம் பேசக்கூடிய பேச்சு பாதியாகக் குறைந்திருக்கும்.

ஏன் இத்தனை கிழவிகள்? ஓர்த்தியா கோயில் ஸ்பார்ட்டாவின் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் இடமாக இருந்தது. பலிபீடத்திலிருந்து பாலாடைக்கட்டியைத் திருட வேண்டும், திருடும்போது மற்றவர்கள் சவுக்கால் அடிப்பார்கள் என்ற போட்டியைக் கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் குறிப்பிடுகிறார். பையன்கள் போட்டிகளில் வென்ற இரும்பு அரிவாள்களைக் கல்லில் பதித்து இங்கே காணிக்கையாக வைத்தார்கள். ரோமர் காலத்தில் சவுக்கடியே பெரிய வேடிக்கையாகி, கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பலிபீடத்தைச் சுற்றிக் கல் இருக்கைகள் கட்டி, வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்து பார்க்கும் அரங்காகவே மாற்றிவிட்டார்கள். இந்தப் பின்னணியில் முகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இளைஞன், இன்னொரு பக்கம் அழகும் வலுவும் போன முதுமை. இவை இரண்டும் எதிரெதிரே நின்று ஆடியிருக்கலாம் என்று சொல்கிறவர்களின் பக்கம்தான் நானும் சாய்கிறேன். எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர இதைவிட நேரான வழி இல்லை.

இந்தச் சுருக்க முகங்களுக்குக் கடல் தாண்டியும் உறவுகள் உண்டு. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ், சார்டினியாத் தீவின் தாரோஸ் போன்ற, பினீசியக் கடல் வணிகர்களின் குடியேற்றங்களில் இதே மாதிரி கோடுகள் இழுத்த, இளிக்கும் மண் முகங்கள் கிடைத்திருக்கின்றன. இன்னும் கிழக்கே போனால் மெசொப்பொத்தேமியாவில் ஹும்பாபா என்ற பூதத்தின் முகம். சிப்பார் நகரில் கிடைத்த ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்பார்ட்டா முகங்களைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. முகம் முழுவதும் கோடுகள் குடல் சுருண்டு கிடப்பது போலவே ஓடும். ஆட்டின் குடலைப் பார்த்துக் குறி சொல்கிறவர்களுக்கான பொருள் அது. அப்படி என்று நமக்கு எப்படித் தெரியும்? அதன் முதுகில் ஆப்பெழுத்தில் எழுதியிருக்கிறது! சுவரில் பதித்து முகத்தை மட்டும் காட்டியிருந்தால் அது இன்றும் வெறும் ‘பேய் முகம்’தான்.

மரமுகமும் அதன் பிரதியும் என்ற விஷயத்துக்கு எனக்குப் பிடித்த சாட்சி லெஸ்போஸ் தீவிலிருந்து வருகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடு முழுக்கச் சுற்றி எழுதிய பாசானியாஸ் சொல்கிற கதை. மெத்தும்னா ஊர் மீனவர்கள் வலை இழுத்தபோது ஒலிவ மரத்தில் செய்த ஒரு முகம் சிக்கியது. தெய்வக்களை இருக்கிறது, ஆனால் கிரேக்கத் தெய்வங்களின் சாயல் இல்லை. டெல்ஃபிக்குப் போய்க் குறி கேட்டார்கள். இது மதுவின் தெய்வமான டயோனைசஸ், வணங்குங்கள் என்று உத்தரவு வந்தது. மரமுகத்தை ஊரிலேயே வைத்துப் பலியும் வேண்டுதலும் செய்துவந்தார்கள்; டெல்ஃபிக்கு வெண்கலத்தில் ஒரு பிரதி செய்து அனுப்பினார்கள். உடலே இல்லாத வெறும் முகம் ஒன்று முழுத் தெய்வமாக இருந்திருக்கிறது. நாக்சோஸ் தீவில் டயோனைசசின் ஒரு முகம் திராட்சைக் கொடி மரத்திலும் இன்னொரு முகம் அத்தி மரத்திலும் செய்திருந்ததாக அத்தனேயஸ் என்ற பழைய எழுத்தாளர் எழுதுகிறார். ஏதென்ஸ் குவளை ஓவியங்களில் ஒரு தூணில் தாடி வைத்த முகமூடியை மாட்டி, துணி சுற்றி, முன்னால் மது ஜாடி வைத்துப் பெண்கள் வழிபடுவதைப் பார்க்கலாம். அந்தத் தூணுக்குள் நடிகர் யாரும் இல்லை. முகமே போதும்.

போயோஷியாப் பகுதிக் கல்லறைகளிலிருந்து வந்த சுடுமண் டயோனைசஸ்களும் இந்தக் குடும்பம்தான். தாடி, நீண்ட முகம், மார்பளவு வரை உருவம், ஒரு கையில் முட்டை, இன்னொரு கையில் இரட்டைக் கைப்பிடிக் குவளை. உச்சியில் தொங்கவிடும் துளை. விற்கிறவர்கள் இவற்றையும் ‘முகமூடி’ என்பார்கள். கழுத்தும் தோளும் சேர்ந்து வந்தால் அது மார்பளவுச் சிலைதான். முன்பக்கம் மட்டும் அச்சில் எடுத்து, முதுகைத் திறந்தே விட்டிருப்பார்கள்.

அப்படியானால் சடங்கில் உண்மையாகவே அணிந்த முகமூடி கிடையாதா? இருந்தது. அதற்கும் பாசானியாஸ்தான் சாட்சி. ஆர்க்கேடியாவின் ஃபெனியோஸ் ஊரில் பெரிய பாறைகள் இரண்டை ஒன்றோடொன்று பொருத்தி வைத்திருந்தார்கள். பெட்ரோமா என்று பெயர். ஊர்க்காரர்கள் அதன் மேல்தான் சத்தியம் செய்வார்கள். ஓராண்டு விட்டு ஓராண்டு வரும் பெரிய சடங்கின்போது பாறைகளைத் திறந்து, உள்ளே இருக்கும் எழுத்துகளை எடுத்துத் தீட்சை பெற்றவர்கள் காதில் விழப் படித்துவிட்டு, அன்று இரவே திரும்ப வைத்துவிடுவார்கள். பாறையின் மேல் வட்டமான ஒரு மூடி. அதற்குள் டெமிட்டர் கிடாரியாவின் முகமூடி. பூசாரி அதை அணிந்துகொண்டு, தடிகளை எடுத்துக் ‘கீழே இருப்பவர்களை’, அதாவது மண்ணுக்கு அடியில் வாழ்கிறவர்களை, அடிப்பார்.

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். விளைச்சலின் தாய் முகத்தை ஓர் ஆண் அணிந்து, நிலத்தைத் தடியால் அடிக்கிறார். அந்த முகம் வருடக்கணக்கில் கல்லுக்குள் இருட்டிலேயே இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் விளக்கு போட்டு நாம் வைக்கிற வைப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

மண்ணிலேயே, மனித முக அளவில் செய்தவை கிரேக்கத்தின் பழைய கோட்டை நகரான தைரின்சில் கிடைத்தன. கி.மு. 700ஐ ஒட்டிய காலம். இப்போது நாஃப்ளியோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரிய மூக்கு, பிதுங்கிய கண், வாயோரம் பன்றித் தந்தம் போலக் கோரைப்பல். செய்த விதம்தான் எனக்கு முக்கியம்: குயவர் இவற்றைப் பானை போலவே சக்கரத்தில் சுற்றி எடுத்து, பிறகு காது, மூக்கு, பல் எல்லாம் ஒட்டியிருக்கிறார். சக்கரத்தில் சுற்றிய பொருளின் உள்பக்கம் விரல் போன வட்டக் கோடுகள் இருக்கும். பானை செய்தவரும் பூத முகம் செய்தவரும் ஒருவரே என்பதை அந்த உள்பக்கம் சொல்லிவிடும். இவை கிடைத்தது கோட்டைக்குள் இருந்த ஒரு காணிக்கைக் குழியில், மண்ணால் செய்த கேடயங்களோடு. தெய்வத்துக்குக் கொடுத்ததைக் கிரேக்கர்கள் குப்பையில் எறிய மாட்டார்கள். கோயிலில் இடம் நிரம்பினால் வளாகத்துக்குள்ளேயே குழி வெட்டிப் புதைப்பார்கள். நம் கைக்கு வருவதில் பலவும் இப்படி மரியாதையாகப் புதைத்தவைதான்.

நாடகத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. நாடகமே டயோனைசசின் விழாவில் நடந்த வழிபாடுதானே. போட்டி முடிந்ததும் முகங்களைத் தெய்வத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. ஏதென்சில் ஒரு நகைச்சுவை நாடகத்துக்குச் செலவு செய்து வென்ற செல்வந்தர், ஆட்டப் பொருள்களைக் காணிக்கையாக்கியது உட்பட 16 மினா (அன்றைய பண அளவு) செலவானது என்று நீதிமன்றத்தில் கணக்குச் சொல்வதை லைசியஸ் எழுதிய உரை ஒன்றில் படிக்கலாம். சிசிலிக்கு வடக்கே லிப்பாரித் தீவில் நாடக முகங்களின் சின்னப் பிரதிகளும் நடிகர் உருவங்களுமாக ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. லூயிஜி பெர்னபோ பிரியாவும் மாட்லேன் கவாலியேவும் பல பத்தாண்டுகள் அகழ்ந்தது அங்கேதான். முகங்கள் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலிருந்து 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை. ரோமர்கள் ஊரை அழித்ததோடு அந்த மரபு நின்றுவிடுகிறது. பொல்லக்ஸ் என்ற பழைய அறிஞர் ‘புதிய நகைச்சுவை’ என்று பெயர் பெற்ற கிரேக்க நாடக வகைக்கு 44 வகை முகங்களைப் பட்டியலிட்டிருக்கிறார். கோபக்காரத் தந்தை, தந்திரக்கார அடிமை, காதலன் என்று அந்தப் பட்டியலின் பல முகங்களை லிப்பாரியில் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அவை வந்தது இடுகாட்டிலிருந்து. சிரிக்க வைக்கும் முகத்தை இறந்தவரோடு ஏன் வைத்தார்கள்? டயோனைசஸ் சாவுக்கு அப்பாலும் துணை வரும் தெய்வம் என்ற நம்பிக்கை அங்கே வலுவாக இருந்தது. லிப்பாரி முகத்தை ‘பொம்மை’ என்று எழுதிய பெயர்ப்பலகையைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும்.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

ஒரு பழைய சேகரிப்பில் ஓக் மர இழுப்பறை ஒன்றைத் திறந்தோம். உள்ளே வரிசையாக மண் முகங்கள். ஒரு முகத்தின் கன்னத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தது. பூஞ்சை என்று நினைத்துக் கிட்டப் போனால் மெல்லிய பட்டு இழை போன்ற உப்புப் படிகங்கள். ஊதினால் ஆடும். நடந்தது இதுதான்: பல பத்தாண்டுகளுக்கு முன் யாரோ, மண்ணிலிருந்து ஒட்டிவந்த சுண்ணாம்புப் படிவைப் போக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்கும் அதுதான் வழக்கம், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அமிலத்தின் குளோரைடு நுண்துளைகளுக்குள் தங்கிவிட்டது. ஓக் மரம் ஓயாமல் அசிட்டிக் ஆவியை விடும். அந்த ஆவியும் குளோரைடும் மண்ணில் உள்ள கால்சியமும் சேர்ந்து கால்க்லசைட் என்ற உப்பாகி, மேற்பரப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு இழையின் அடியிலும் ஒரு பொட்டு முகம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு கழுவிய அன்றே நடந்துவிட்டது. இந்த முகங்களில் பல செங்கல் நிறத்தில் இருந்தவை அல்ல. சுட்ட பிறகு வெள்ளைப் பூச்சு பூசி, அதன் மேல் சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் எல்லாம் தீட்டியிருப்பார்கள். சூளைக்குப் பிறகு ஏறிய நிறம் என்பதால் மண்ணோடு பிணைப்பு இல்லை. ஈரப் பஞ்சு பட்டாலே போய்விடும். வெள்ளைப் பூச்சு சுண்ணாம்பாக இருந்தால் அமிலம் அதை நிறத்தோடு சேர்த்தே கரைத்துவிடும். அந்த முகத்தைப் புற ஊதா விளக்கில் வைத்துத் தேடினோம். காது மடலுக்குப் பின்னால், மிளகு அளவு இடத்தில், ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு ஒளி. மஞ்சிட்டி வகை வேரிலிருந்து எடுக்கும் சாயம் அப்படித்தான் ஒளிரும். கழுவியவரின் தூரிகை எட்டாத இடம். அந்த ஒரு பொட்டை வைத்துத்தான் முகம் ஒரு காலத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது என்று இன்று சொல்ல முடிகிறது.

எகிப்திய நீலம் என்ற பழைய நிறமி இன்னும் ஆச்சரியம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சாதாரண வெளிச்சம் அடித்து, அகச்சிவப்பை மட்டும் வாங்கும் கேமராவில் எடுத்தால், ஒரே ஒரு துகள் மிச்சம் இருந்தாலும் நட்சத்திரம் போல வெள்ளையாகத் தெரியும். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் கெஞ்சுகிறோம்: பழைய மண் பொருளைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், எண்ணெய் பூசிப் பளபளப்பாக்காதீர்கள். முதுகில் கறுப்பாக இருந்தால் அதை அழுக்கு என்று முடிவு கட்டாதீர்கள். விளக்குப் புகையாக இருக்கலாம். எந்தச் சுவரில், எந்தச் சுடருக்கு மேல் தொங்கியது என்று சொல்ல மிஞ்சியது அதுவாக மட்டும் இருக்கலாம். உடைந்தால் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டவும் வேண்டாம். நாங்கள் பாராலாய்டு பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துவது, நாளைக்கு இன்னொருவர் அசிட்டோன் தொட்டு அதைக் கழற்ற முடியும் என்பதால்தான்.

வாங்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீவுச் சுற்றுலா முடித்துவந்த ஒரு தம்பதி கைக்குட்டையில் சுற்றி ஒரு முகத்தைக் கொண்டுவந்தார்கள். ‘கல்லறையில் எடுத்தது’ என்று கடைக்காரர் காதோடு சொன்னாராம். வழக்கம்போலத் திருப்பிப் போட்டேன். தொங்கவிடும் துளை கச்சிதமான வட்டம், ஓரம் பொரிந்திருந்தது: சுட்ட பிறகு டிரில் போட்டது. மண் படிவு புற ஊதா ஒளியில் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. புதைந்து கிடந்த மண் அப்படி ஒளிராது, பசை ஒளிரும். மண்ணைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அவர்கள் முகம் வாடிவிட்டது. போலி என்பது உங்களுக்கு நல்ல செய்தி என்று சொன்னேன், உண்மையாகவே சொன்னேன். 1834இலேயே பழம்பொருள்கள் நாட்டின் சொத்து என்று சட்டம் போட்ட நாடு கிரேக்கம். 2002இல் வந்த சட்டமும் கண்டிப்பானது. அசல் முகமாக இருந்திருந்தால் அவர்கள் கையில் இருந்தது திருட்டுச் சொத்து.

போலியைக் கண்டுபிடிப்பது எப்போதும் இவ்வளவு எளிதாக இருக்காது. மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். அசலின் மேல் அச்சு எடுத்து வார்த்தால் பிரதி சுமார் பத்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும். அளவு சிறியது என்பதால் போலி என்று சொல்லலாமா? முடியாது. பண்டைய கைவினைஞர்களும் ஒருவர் பொருளின் மேல் இன்னொருவர் அச்சு எடுத்துத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். வெப்ப ஒளிர்வுச் சோதனை உதவும். கடைசியாக எப்போது சூளைக்குப் போனது என்பதை மண்ணில் உள்ள தாதுக்கள் கணக்கு வைத்திருக்கும். சிட்டிகைத் தூள் எடுத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: அந்தத் தூளை எடுத்த பிறகுதான் சிடி ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். எக்ஸ் கதிர் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். வரிசை மாறிப் போய், சோதனையே செய்ய முடியாமல் நின்ற பொருளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சோதனைகள் வயதைத்தான் சொல்லும். சிசிலியின் ஜெலா நகரத்துக்கு அருகே பிட்டலெமி என்ற இடத்தில் டெமிட்டருக்குப் பெண்கள் விழா எடுத்த தலம் ஒன்று இருந்தது. 1960களில் அதை அகழ்ந்தபோது காணிக்கைகள் மணலுக்குள் வைத்தது வைத்தபடி இருந்தன. பாத்திரங்கள் பலவும் வேண்டுமென்றே கவிழ்த்து வைத்தவை. அங்கே வந்த பெண்கள் குனிந்து, மணலில் குழி பறித்து, கிண்ணத்தைத் தலைகீழாக வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். சடங்கு என்பது அந்தக் கவிழ்ப்பில் இருக்கிறது. இரவில் கடப்பாரையோடு வந்து தோண்டுகிறவனுக்கு அது கண்ணில் படாது. அவன் எடுத்துக்கொண்டு போகிற கிண்ணம் எந்த ஆய்வகத்துக்கு வந்தாலும், அது தலைகீழாக இருந்தது என்பதை எந்தக் கருவியும் எடுத்துச் சொல்லாது. போயோஷியாவில் 1870களில் தனாக்ரா கல்லறைகளை உள்ளூர்க்காரர்களே தோண்டி விற்றார்கள். பாரிசில் அந்த மண் பொம்மைகளுக்கு மோகம் ஏறியது. கிராக்கி அதிகமாக, போலிகள் குவிந்தன. இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் தனாக்ரா உருவங்களில் பெரும்பகுதிக்கு எந்தக் கல்லறை, யாருடைய கல்லறை, கையருகே இருந்ததா காலடியில் இருந்ததா என்ற விவரமே இல்லை. ஸ்பார்ட்டாக் கிழவிக்கு மணல் அடுக்கு இருந்தது. இவர்களுக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ தாத்தா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த இப்படியொரு முகம் இருந்தால், முதலில் அதைத் தூசி தட்டாமல் அப்படியே படம் எடுங்கள். முன்பக்கம் ஒன்று, முதுகு நான்கு: நேராக ஒன்று, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து மூன்று. விரல் குழிகள் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுந்து தெரியும். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். யார் வாங்கினார், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் சொல்லித் தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ‘தெரியாது’ என்பதையும் எழுதுங்கள். பழைய ரசீது, பொட்டலத் தாள், ஒட்டியிருக்கும் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். மர அலமாரியில் இருந்தால் வெளியே எடுத்து, அமிலமில்லாத் தாள் விரித்த அட்டைப் பெட்டியில், முகம் மேலே பார்க்க, முதுகுக்குக் கீழே மெத்தென்று ஏதாவது கொடுத்து வையுங்கள். தூக்கும்போது மூக்கையோ காதையோ பிடிக்காமல், இரண்டு கையாலும் அடியிலிருந்து தாங்கித் தூக்குங்கள். பிறகு ஒரு அரசு அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போடுங்கள். படங்களை இணைக்கும்போது, முதுகுப் படம் மேலே இருக்கட்டும்.